சின்ன டிராக்டருக்குப் பட்டறையில் செய்த பேக்ஹோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பில் 24 ஹெச்பி டிராக்டர் ஒன்று ஓடுகிறது. அதன் முதுகில் நானும் மச்சானும் சேர்ந்து செய்த தோண்டும் கை ஒன்று இருக்கிறது. மச்சானுக்கு வெல்டிங் பட்டறை, எனக்குத் தோப்பு. முதலில் செய்தது உருப்படவில்லை. இரண்டாவது ஓடியது. இப்போது இருப்பது மூன்றாவது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனாலும் சரி, ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏற்றிப் போனாலும் சரி, யாராவது ஒருவர் நிறுத்தி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார். அவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை என்பதால் மேலிருந்து படித்துக்கொண்டு வருவது நல்லது.

அண்ணா, இது ஜேசிபி மாதிரி வேலை செய்யுமா?

செய்யாது. ஜேசிபி 3டிஎக்ஸ் வண்டி ஏழரை டன் பக்கம் இருக்கும். எங்கள் டிராக்டரையும் கையையும் சேர்த்துத் தராசில் ஏற்றினாலே ஒன்றேகால் டன்தான். அது ஒரே வாரில் அள்ளுவதை இது நாலைந்து தடவையில் அள்ளும்.

ஆனால் தோப்புக்குள் மரத்துக்கு மரம் நுழைந்து போகும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஆழமும் ஒரு மீட்டர் என்று மாங்கன்றுக் குழி எடுக்க, நல்ல செம்மண்ணில் எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 குழி. அதை இரண்டு நாளில் முடிக்கலாம். சொட்டுநீர் மெயின் பைப்புக்கு இரண்டடி ஆழ வாய்க்கால், மாட்டுக்கொட்டகைக்கு அஸ்திவாரம், காய்ந்த மரத்தின் வேர், இவையெல்லாம் இதற்குத் தோதான வேலை. கிணறு தூர்வார, பண்ணைக் குட்டை வெட்ட என்றால் பெரிய வண்டியைக் கூப்பிட்டுவிடுங்கள், வாடகை போனால் போகிறது.

ஒரு சின்ன சங்கதி. நாம் எல்லா மஞ்சள் வண்டியையும் ஜேசிபி என்கிறோம். அது கம்பெனி பெயர், இங்கிலாந்தின் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயர்ச் சுருக்கம். முன்னால் அள்ளவும் பின்னால் தோண்டவும் ஒரே வண்டி என்று அவர் கொண்டுவந்தது 1953-இல். அதற்கு முன்பே, 1940-களின் கடைசியில், அமெரிக்காவின் வெயின்-ராய் கம்பெனி ஃபோர்டு 8என் டிராக்டரின் முதுகில் ஹைட்ராலிக் கையை மாட்டிவிட்டது. அதனால் டிராக்டருக்கு இது ஒட்டுவேலை என்று யாராவது சிரித்தால் தலைகுனிய வேண்டியதில்லை.

எத்தனை ஹெச்பி வண்டி இருந்தா தாங்கும்?

தோண்ட ஆகும் ஹெச்பி குறைவு. 150 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் எண்ணெய் ஓடினால் ஏழரை கிலோவாட், அதாவது 10 ஹெச்பி. பம்ப்பில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 12 ஆகும். ஆகவே 18 ஹெச்பி வண்டி கூடத் தோண்டிவிடும்.

எடையில்தான் விஷயம் இருக்கிறது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். 850 கிலோ டிராக்டரில் முன் சக்கரத்தில் உட்காருவது 340 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் ஒன்றரை மீட்டர். 400 கிலோ கையைப் பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டால், முன் சக்கரத்தில் 267 கிலோ குறைகிறது. மிச்சம் 73. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி நேராகவே போகும், வரப்பில் ஏறினால் மூக்கு தூக்கும். முன்னால் 100 கிலோ எடைக்கட்டையை அச்சுக்கு அரை மீட்டர் முன்தள்ளி மாட்டினால் 133 கிலோ திரும்பி வரும். நான் அதைத்தான் செய்திருக்கிறேன். சாலையில் போகும்போது கையை நன்றாக மடக்கி, வண்டியோடு ஒட்டி, 'பின்' (மூட்டில் செருகும் இரும்பு முளை) போட்டுப் பூட்டிவிட வேண்டும்.

வண்டியிலேயே ஹைட்ராலிக் இருக்கே, தனியா பம்ப் எதுக்கு?

கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்குத் தூக்க மட்டும்தான் தெரியும். இறங்குவது கலப்பையின் சொந்தக் கனத்தில். டிப்பர் டிரெய்லருக்குப் போகும் பைப்பும் அதே கதை. தோண்டும் கைக்கு இரண்டு பக்கமும் தள்ள வேண்டும், அதுவும் ஆறு சிலிண்டரை. அதனால் பிடிஓவில், அதாவது டிராக்டரின் பின்னால் எஞ்சின் சுழற்றும் தண்டில், தனி பம்ப்.

பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று. சாதாரண கியர் பம்ப்புக்கு அது போதாது. ஒன்றுக்கு மூன்று ஏற்றும் கியர்பாக்ஸ் போட்டால் 1,620 சுற்று. சுற்றுக்கு 20 சிசி தள்ளும் பம்ப் என்றால் 30 லிட்டருக்குக் கிட்டே வரும். கியர்பாக்ஸ் பிடிஓவோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் சங்கிலியோ கையோ போட்டு வண்டியோடு கட்டுங்கள். பிடிஓ தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். தோளில் துண்டு, காலில் வேட்டி என்று பக்கத்தில் நிற்பவர் யாரையும் அது விட்டுவைக்காது.

த்ரீ பாயிண்ட் லிங்க்லயே மாட்டிக்கிட்டா கழட்ட மாட்ட சுலபம்தானே?

இந்தப் பக்கத்தில் இந்த ஒரு பதிலை மட்டும் படித்தால்கூடப் போதும். கலப்பை மாட்டும் அந்த மூன்று முனைப் பிடிப்பில் மாட்டாதீர்கள். எங்கள் முதல் கை அப்படித்தான் மாட்டியிருந்தது.

கீழ் லிங்க் இரண்டும் மேலே போகத் தடையே இல்லை. முந்தைய பதிலில் சொன்னபடி அந்த ஹைட்ராலிக் தூக்கும், கீழே அழுத்திப் பிடிக்காது. பக்கெட்டின் பல் ஒரு வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டு, நீங்கள் லீவரை இழுத்துக்கொண்டே இருந்தால், வேர் வராது. அப்போது கைதான் வேரை நோக்கிப் போகும். அதாவது கையின் அடிச்சட்டம் எழும்பும். சட்டத்தில் பொருத்திய சீட்டும் அதில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் டிராக்டரின் முதுகை நோக்கி மடிவீர்கள். நடுவில் நசுங்குவது ஆள். எனக்குப் புளியமரத்து அடிக்கட்டையில் இப்படி ஆனது. சீட்டு எழும்பி முழங்கால் டிராக்டரின் மட்கார்டில் முட்டியது. லீவரை விட்டுவிட்டேன், அதோடு நின்றது. பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாளே கேஸ் கட்டிங் போட்டுப் பிரித்துவிட்டோம்.

சரியான வழி அடிச்சட்டம். பின் அச்சு ஹவுசிங்கிலிருந்து வண்டியின் அடியில் இரண்டு பக்கமும் சேனல் ஓடி, முன்னால் எஞ்சினைத் தாங்கும் வார்ப்பில் போல்ட் ஆக வேண்டும். கையின் கீழ்ப்பாகம் அதில் கொக்கியாக உட்கார்ந்து, மேலே இரண்டு தடித்த பின்களைப் போட்டுப் பூட்ட வேண்டும். அப்போது கையும் வண்டியும் ஒரே இரும்பு. எழும்பினால் வண்டியோடுதான் எழும்பும். சட்டத்தை முன்வரை கொண்டுபோகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிராக்டருக்கு லாரி போலச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் என்று வார்ப்புகளைப் போல்ட்டில் கோத்ததுதான் அதன் முதுகெலும்பு. பின்னால் மட்டும் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தால் கிளட்ச் ஹவுசிங்கில் விரிசல் விடும்.

சிலிண்டர் என்ன சைஸ் போடணும்?

விட்டத்தை வைத்துப் பரப்பு, பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் தள்ளும் பலம். 150 பாரில் 50 மி.மீ. சிலிண்டர் 3 டன் தள்ளும், 63 மி.மீ. 4.7 டன், 80 மி.மீ. 7.7 டன். இழுக்கும்போது நடுத்தண்டு இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பலம் குறையும். 63-இல் 36 மி.மீ. தண்டு என்றால் இழுப்பு 3.2 டன்தான்.

நாங்கள் பூமுக்கும் (வண்டியை ஒட்டிய பெரிய கை) ஆர்முக்கும் (அதன் நுனியில் மடங்கும் கை) 63, பக்கெட்டுக்கு 50 போட்டிருக்கிறோம். 3 டன் என்றதும் பல்லில் 3 டன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பக்கெட் சிலிண்டர் தள்ளும் இடம் பின்னிலிருந்து 20 செ.மீ., பல் இருப்பது 60 செ.மீ. தள்ளி. மூன்றில் ஒரு பங்கு, ஒரு டன். ஆர்முக்கு 25 செ.மீ.க்கு எதிரே 150 செ.மீ., அதனால் பல்லுக்கு 780 கிலோ. சின்ன வண்டிக்கு இதுவே தாராளம். ஏன் என்று பிரஷர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எட்டி வாங்குனா வேகம் குறையுமா? 80 போட்டுட்டா தப்பா?

"எட்டி" என்று அவர் சொன்னது 80-ஐ. வேகம் குறையும். 63 சிலிண்டர் 45 செ.மீ. நீண்டால் 1.4 லிட்டர் எண்ணெய் குடிக்கும். 30 லிட்டர் பம்ப்பில் மூன்று வினாடிக்குள் முடியும். 80 என்றால் 2.3 லிட்டர், நாலரை வினாடி. ஒரு குழிக்கு எண்பது வார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சாயங்காலத்தில் தெரியும் வித்தியாசம்.

காயலான் கடையில பழைய சிலிண்டர் கிடைக்குது, எடுக்கலாமா?

எடுக்கலாம், தண்டைப் பார்த்து எடுங்கள். குரோம் பளபளப்பில் நகத்தை ஓட்டும்போது எங்கேயாவது தட்டினால் அங்கே சீல் கிழியும். உள்குழலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துருக்குழி இருந்தால் ஹோனிங் போட்டு உள்பக்கத்தை இழைக்க வேண்டியிருக்கும். ஓசூர் சிப்காட் பக்கத்தில் ஹோனிங்கும் குரோம் தண்டும் செய்கிற சின்னச் சின்ன ஷாப்கள் நிறைய. ஆனால் தண்டும் கெட்டு, குழலும் கெட்டிருந்தால் புதிதாகவே செய்துவிடலாம், பெரிய வித்தியாசம் வராது.

வால்வைப் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே ஸ்பூல் (லீவரோடு நகர்ந்து எண்ணெய்க்கு வழி மாற்றும் தண்டு) தேய்ந்திருப்பதை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

என்ன இரும்பு, எத்தனை கனம்?

பூமுக்கும் ஆர்முக்கும் 100-க்கு 100, 6 மி.மீ. கனச் சதுரக் குழாய். பின் மாட்டும் இடங்களில் 12 மி.மீ. பிளேட். சட்டத்துக்கு 100 மி.மீ. சேனல். எல்லாம் சாதாரண ஐஎஸ் 2062 இரும்புதான். பெரிய இரும்பு போட்டால் கை கனக்கும், கனத்தால் முன் சக்கரம் தூக்கும், அதற்கு எடைக்கட்டை, அதற்கு இன்னும் பெரிய சட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் இரண்டாவது கை அப்படித்தான் ஊதிப்போனது. மூன்றாவதில் 70 கிலோ குறைத்தோம்.

வெல்டிங்கில் ஒன்றைக் கவனியுங்கள். பூமின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் குறுக்காகக் கோடு போட்டு வெல்டு வைக்காதீர்கள். வளையும்போது இழுபடும் இடம் அது, விரிசல் அங்கேதான் பிறக்கும். ஒட்டுத் தகடு போடுவதென்றால் சதுரமாக வெட்டாமல் சாய்சதுரமாக வெட்டி, ஓரத்தைச் சரிவாக ஓட்டுங்கள். சாதாரண கேட், கிரில்லுக்கு 6013 ராடு சரி. பின் மாட்டும் இடங்களுக்கு 7018. அதுவும் காய்ந்த ராடு. மழைக்காலத்தில் திறந்துவைத்த பாக்கெட்டை அப்படியே எடுத்து ஓட்டினால் வெல்டு பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பொத்தலாக இருக்கும்.

ரெண்டே மாசத்துல பின் ஓட்டை எல்லாம் முட்டை மாதிரி ஆயிடுச்சு, என்ன பண்றது?

வீட்டில் செய்த கைகளில் முக்கால்வாசி இதில்தான் கெடுகிறது. காரிமங்கலத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து காட்டிய கையில் பக்கெட்டை அசைத்தால் நுனி அரை அடி ஆடியது. ஒவ்வொரு பின்னிலும் இரண்டு மி.மீ. ஆட்டம், எல்லாம் சேர்ந்து நுனியில் பெருகியிருக்கிறது.

கணக்கு இதுதான். 4.7 டன் தள்ளும் சிலிண்டரை 8 மி.மீ. பிளேட் இரண்டில் வெறும் ஓட்டை போட்டு 32 மி.மீ. பின்னில் மாட்டினால், தாங்கும் இடம் மொத்தம் 512 சதுர மி.மீ. ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் 9 கிலோ. அதே இடத்தில் 60 மி.மீ. நீளக் குழல் வைத்து உள்ளே புஷ் (தேய்ந்தால் மாற்றும் உள்வளையம்) போட்டால் 1,920 சதுர மி.மீ., தலைக்கு இரண்டரை கிலோ. பின் அசையாமல் நிற்குமானால் வெறும் ஓட்டையே தாங்கும். அழுத்திக்கொண்டே திரும்பினால் தாங்காது.

ஆகவே ஒவ்வொரு மூட்டிலும் தடித்த குழல், அதற்குள் மாற்றக்கூடிய புஷ், கிரீஸ் நிப்பிள். பின்னுக்கு இஎன் 8 இரும்பு போதும், மேலே கடினப்படுத்தியது என்றால் இன்னும் நல்லது. பின் எப்போதும் புஷ்ஷுக்குள்தான் திரும்ப வேண்டும். பிளேட்டுக்குள் திரும்பக்கூடாது. அதற்குப் பின்னின் தலையில் ஒரு சின்ன நாக்கு வெல்டு செய்து போல்ட்டில் பிடியுங்கள். குழல்களை வெல்டு செய்யும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே நேர்த்தண்டைச் செருகி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். சூட்டில் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். கடைசியில் லேத்தில் ஒரே பிடிப்பில் இரண்டு பக்கமும் துளைத்தால் நேராகிவிடும். கிரீஸை ஒவ்வொரு நாளும் வேலை ஆரம்பிக்கும் முன் அடியுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

பக்கெட் மண்ணுல இறங்கவே மாட்டேங்குது. சிலிண்டர் பத்தலையா?

சிலிண்டர் போதும், பக்கெட்டின் உருவம்தான் சரியில்லை. பெரும்பாலும் இப்படித்தான். பக்கெட் திரும்பும் பின்னிலிருந்து பல் நுனி வரை ஒரு கயிறு பிடியுங்கள். அதே கயிற்றைப் பக்கெட்டின் முதுகு முழுக்கச் சுற்றிப் பாருங்கள். முதுகு எங்கேயாவது கயிற்றைத் தாண்டினால், பல் மண்ணைத் தொடுவதற்குள் முதுகு மண்ணில் உட்கார்ந்துவிடும். அப்புறம் பத்து டன் போட்டாலும் வழுக்கிக்கொண்டுதான் போகும். எங்கள் முதல் பக்கெட்டை எண்ணெய் டின் போல உருண்டையாகச் செய்திருந்தோம். முதுகில் மூன்று விரல் அகலம் வெட்டி உள்ளே தள்ளியதும், அதே சிலிண்டர், அதே பம்ப், வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

அகலமும் அளவாக இருக்கட்டும். ஒரு அடி போதும். ஒன்றரை அடி வைத்தால் நிறைய அள்ளலாம் என்று தோன்றும். ஆனால் அதே ஒரு டன்னை அகலத்தில் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டுமே. வாய்ப்பக்கம் அகலமாகவும் அடிப்பக்கம் ஒரு விரல் ஒடுக்கமாகவும் இருந்தால் ஈரமண் தானாக விழும்.

லாரி பட்டையில பல்லு வெச்சேன், உடைஞ்சு உடைஞ்சு விழுது.

லாரி பட்டை கார்பன் அதிகம் உள்ள ஸ்பிரிங் இரும்பு. குளிர்ந்த பட்டையில் வெல்டு வைத்தால் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கல்லில் முட்டியதும் வெல்டை ஒட்டியே உடையும். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் கேட்கவே வேண்டாம். பட்டையை முதலில் கேஸில் நன்றாகச் சூடாக்குங்கள், தண்ணீர்த் துளி விழுந்தால் துள்ளி ஓடும் அளவுக்கு மேலேயே. காய்ந்த 7018-இல் வைத்து, உடனே சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். இவ்வளவுக்குப் பொறுமை இல்லை என்றால் கடையில் விற்கும் பல்லும் தாங்கியும் வாங்கித் தாங்கியை வெல்டு செய்யுங்கள். தேய்ந்ததும் பல்லை மட்டும் மாற்றலாம்.

தருமபுரி பக்கம் நாலடி போனா பாறைதான். அப்ப?

பாறை என்றால் கையை எடுத்துவிடுங்கள். நம் பக்கத்துக் கருங்கல்லைச் சிலிண்டரால் உடைக்க முடியாது, கையைத்தான் உடைத்துக்கொள்வோம். ஆனால் பாறை என்று பலர் சொல்வது உண்மையில் மக்கிய பாறை, சுக்கான், கெட்டிச் சரளை. அதற்குப் பக்கெட்டைக் கழற்றி அதே பின்னில் ஒற்றைப் பல் மாட்டுங்கள். ஒரு டன்னும் ஒரே முனையில் இறங்கும். முதலில் கீறிவிட்டு, அப்புறம் பக்கெட்டால் அள்ளலாம். பென்னாகரம் சாலையில் ஒரு கொல்லையில் இப்படித்தான் இரண்டு நாள் ஓட்டினேன். உருண்டைக் கல்லைத் தூக்க ஆர்மில் ஒரு கட்டைவிரல் வைத்தோம். வெறும் பிளேட்தான், சிலிண்டர் இல்லை, பின்னை மாற்றி மூன்று நிலையில் நிறுத்தலாம். செய்த மாற்றங்களில் அதிகம் பயன்படுவது அதுதான்.

பக்கவாட்டுல திருப்பறப்ப வண்டியே ஆடுது, ஒரு தடவை கம்பமே விரிசல் விட்டுடுச்சு.

நிறைந்த பக்கெட்டோடு கை சுழலும்போது லீவரை விட்டால் எண்ணெய் சட்டென்று அடைபடும். கை நிற்கும், அதன் வேகம் நிற்காது. அந்த அடி முழுவதும் கை சுழலும் அச்சான நடுக்கம்பத்துக்குப் போகும். ஸ்விங் சிலிண்டருக்குப் போகும் இரண்டு பைப்பிலும் 2 மி.மீ. துளையிட்ட சின்ன வில்லை ஒன்றைப் போடுங்கள். வேகம் கட்டுப்படும். மெதுவாக இருந்தால் துளையைக் கால் மி.மீ. பெரிதாக்குங்கள். இத்தோடு ஸ்விங் பக்கத்தில் அதிர்ச்சியை விடுவிக்கும் ரிலீஃப் உள்ள வால்வு கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

பக்கத்துக் கால்களை ஊன்றாமல் திருப்பாதீர்கள். கால் சிலிண்டருக்குப் பூட்டு வால்வு வைத்தால் ஹோஸ் வெடித்தாலும் வண்டி சாயாது.

ரிலீஃப் வால்வை இறுக்கிட்டா பலம் ஏறும்ல?

ரிலீஃப் என்பது அழுத்தம் எல்லை தாண்டினால் எண்ணெயை டாங்குக்கே திருப்பிவிடும் வால்வு. இறுக்கினால் பலம் ஏறும், பல்லில். ஆனால் பல் மண்ணை இழுத்தால் மண்ணும் பல்லை இழுக்கிறது. ஒன்றேகால் டன் வண்டி, கால் ஊன்றி நின்றாலும், ஒரு டன் இழுப்புக்கு மேல் நின்ற இடத்தில் நிற்காது, தானே குழியை நோக்கி நகரும். ஆர்ம் சிலிண்டரின் 780 கிலோவுக்கே ஈர மண்ணில் எங்கள் வண்டி வழுக்குகிறது. 150-ஐ 200 பார் ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது வழுக்கல், தேய்ந்த பின், வெடித்த ஹோஸ். அழுத்த மீட்டர் ஒன்று வைத்துப் பார்க்காமல் அந்தத் திருகைத் தொடவே வேண்டாம்.

அண்ணா, எண்ணெய் தொட முடியாத அளவுக்குக் கொதிக்குது.

சிலிண்டர் கடைசி வரை போய் முட்டிய பிறகும் லீவரை இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். அப்போது ரிலீஃப் வழியாக வழியும் எண்ணெய் முழுச் சக்தியையும் சூடாக மாற்றுகிறது. ஏழரை கிலோவாட் என்பது ஏழெட்டு இஸ்திரிப் பெட்டியை டாங்கில் போட்டது போல. 60 லிட்டர் எண்ணெய் நிமிடத்துக்கு நாலைந்து டிகிரி ஏறும். பத்து நிமிடம் பிடித்தால் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. லீவரில் கை பழகினால் பாதிச் சூடு போய்விடும்.

மற்றபடி டாங்க், பம்ப்பின் ஒரு நிமிட ஓட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். திரும்பும் பைப்பும் உறிஞ்சும் பைப்பும் டாங்கில் எதிரெதிர் மூலையில், நடுவில் ஒரு தடுப்பு. நம் ஊர்க் கோடைக்கு 68-ஆம் நம்பர் எண்ணெய். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிரில் 46 போட்டாலும் ஓடும்.

வேலை இல்லாதப்ப பூம் தானா இறங்குது, சீல் போச்சா?

பத்து நிமிடத்தில் நாலு விரல் இறங்கினால் அது ஸ்பூல் கசிவு, இயல்பு. கண் எதிரே இறங்கினால் சோதியுங்கள். பூமைத் தரையில் வைத்து, சிலிண்டரை முழுக்க நீட்டி, எஞ்சினை நிறுத்தி லீவரை ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு, தண்டுப் பக்க ஹோஸைக் கழற்றுங்கள். வால்வுப் பக்க வாயை அடைத்துவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, நீட்டும் திசையில் லேசாக லீவரைத் தள்ளுங்கள். கழற்றிய வாயிலிருந்து எண்ணெய் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வரவில்லை என்றால் வால்வு.

ஹோஸ்ல எங்க லீக்னு கையால தடவிப் பார்க்கலாமா?

கூடாது. ஊசி முனைத் துளையில் 150 பாரில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும், சில மணி நேரத்தில் கை வீங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். யாருக்காவது பட்டுவிட்டால் வலி இல்லை என்று வீட்டில் உட்கார வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது என்று வார்த்தையாகச் சொல்லுங்கள். ஹோஸ் வாங்கும்போது இரண்டு கம்பிப் பின்னல் உள்ளதாக வாங்குங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

ரூபாயில் எழுதினால் மூன்று மாதத்தில் பொய்யாகிவிடும். பங்கு சொல்கிறேன். பாதிக்கு மேல் ஹைட்ராலிக்கில் போனது: பம்ப், கியர்பாக்ஸ், வால்வு, சிலிண்டர், ஹோஸ், எண்ணெய். கால் பங்கு இரும்பு. மிச்சம் லேத்து, கேஸ், ராடு. மச்சானின் கூலியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவர் சேர்த்திருக்கிறார்.

வாடகைக்கு ஓட்டலாமா? ஆர்டிஓ பிடிப்பாங்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்சியில் எழுதியுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அடிச்சட்டத்தைப் போல்ட்டில் மாட்டுங்கள், டிராக்டரின் வார்ப்பில் வெல்டு வைக்காதீர்கள், துளை போடாதீர்கள். வெல்டு வைத்தால் கம்பெனி வாரண்டியும் போகும். விவசாய வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். நான் வாடகைக்கு ஓட்டுவதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் மாற்றாக ஒரு நாள் உழவு வாங்கிக்கொள்கிறேன்.

ஏரி வண்டல் அள்ளலாமா என்று பாலக்கோட்டு அக்கா ஒருவர் கேட்டார். கை எவ்வளவு சின்னதானாலும் அனுமதி வேண்டும் அக்கா, தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள்.

வரைபடம் இருந்தா அனுப்புங்க, அப்படியே செஞ்சுக்கறேன்.

அப்படியே செய்ய முடியாது. உங்கள் வண்டியின் அச்சு உயரம், போல்ட் இடம், எடை எல்லாம் வேறு. அடிச்சட்டம் எங்கள் வண்டிக்கு உட்காரும், உங்களுடையதற்கு உட்காராது.

வரைபடத்துக்குப் பதிலாக அட்டையில் செய்யுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் பூம், ஆர்ம், பக்கெட் மூன்றையும் அட்டையில் வெட்டி, மூட்டுகளில் குண்டூசி குத்திச் சுவரில் தொங்கவிடுங்கள். சிலிண்டருக்கு ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு அட்டைப் பட்டை. மடக்கினால் ஆர்ம் சீட்டில் இடிக்கிறதா, முழுக்க நீட்டினால் சிலிண்டர் பூமில் உரசுகிறதா, பக்கெட் உள்ளே மடிந்து மண்ணைக் கொட்டாமல் தூக்குகிறதா என்று எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு தகடுகூட வெட்டியிருக்க மாட்டீர்கள். மேலே சொன்ன கயிற்றுச் சோதனையையும் அதிலேயே நூலால் செய்யலாம்.

எங்கள் மூன்றாவது கையின் அட்டை இன்னும் பட்டறைச் சுவரில்தான் தொங்குகிறது, குண்டூசி ஓட்டைகளும் பேனாத் திருத்தங்களுமாக. வந்தால் தாராளமாக அளவெடுத்துக்கொள்ளலாம். வரும்போது உங்கள் வண்டியின் பின் அச்சு போல்ட் அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். செல்போன் படத்தில் அளவு தெரியாது.